நாமத்தின் ஊற்றருகே இரண்டு இரவுகள்

ஹெப்பகோடியில் குடியிருக்கும் நம்மவர்க்குத் தண்ணீர் என்றவுடன் நினைவுக்கு வருவது ஆறும் அன்று, குளமும் அன்று, லாரிதான். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டன. லாரித் தண்ணீரின் விலையை அரசே தலையிட்டு வரையறுக்க வேண்டியதாயிற்று. நீரைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிய நாம், நிலம் தானே மனமுவந்து நீரை ஈயும் இடம் ஒன்று எட்டும் தொலைவில் இருக்கிறது என்று அறிந்தால், அதனைக் காண விரும்பாதிருப்போமா?

துமகூரை அடுத்த தேவராயனதுர்க்கக் காட்டில் அத்தகைய ஊற்று ஒன்று உண்டு. ‘நாமத சிலுமே’ என்று கன்னடத்தில் வழங்கும் அவ்விடத்திற்குச் சென்ற தைத் திங்களில் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சென்று, காட்டோரத்தில் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கி வந்தோம். கண்டதையும் கேட்டதையும் எங்களுக்குள் முடிவு செய்ததையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் சென்றோம்?

நாங்கள் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்தவர்கள். பொம்மசந்திரத் தொழிற்பேட்டையில் இருவரும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறோம். எங்களுள் ஒருவருக்கு முதல் ஷிப்டு என்றால் மற்றவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஷிப்டு. ஒருவர் படியேறும்போது மற்றவர் படியிறங்குவார். “குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, வாடகை கொடுத்தாயிற்று, லாரி இன்னும் வரவில்லை.” ஒரு வாரத்தில் நாங்கள் பேசிக்கொள்ளும் பேச்சு இவ்வளவுதான். பிள்ளைகள் இருவரும் ஊரில் ஆயாவிடம் வளர்கிறார்கள்.

அப்பிள்ளைகளைக் குறித்த பேச்சு ஒன்று எங்களுக்குள் ஓராண்டாக முடியாமற் கிடந்தது. அவர்களை இங்கு அழைத்து வந்துவிட வேண்டும், பெற்றவர்கள் இருந்தும் பிள்ளைகள் தொலைபேசியில் வளர்வது முறையன்று என்பது எங்களுள் ஒருவர் கட்சி. ஒற்றை அறையும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரும் உள்ள இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து எங்ஙனம் வைப்பது, ஊரிலாவது குழாயில் நல்ல நீர் வருகிறது என்பது மற்றவர் கட்சி. இரண்டும் நியாயமானவையே. ஆனால் இரண்டு நியாயங்கள் எதிரெதிரே அமர்ந்து பேசுவதற்கு ஒரு பொழுது வேண்டுமன்றோ? அப்பொழுதுதான் எங்களுக்கு வாய்க்கவில்லை.

பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பிய பின்னர், குடியரசு நாளை ஒட்டி மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. இருவருக்கும் ஒரே நாட்களில் ஓய்வு கிடைப்பது எங்கள் வீட்டில் கிரகணம் போன்ற அரிய நிகழ்ச்சி. அதனை வீணாக்கலாகாது என்று புறப்பட்டோம்.

“புருஷனும் பெண்சாதியும் காட்டுக்குப் போய்ப் படுப்பதாமே!” என்று உறவினர் சிலர் நகைத்தனர். இராமனும் சீதையும் பதினான்கு ஆண்டு செய்ததை நாங்கள் இரண்டு இரவு செய்தால் குற்றமில்லை என்று விடையளித்தோம். புராணத்தில் மட்டுமன்று, நம் காலத்திற்கு அண்மையிலும் இதற்குச் சான்றுண்டு. பறவை அறிஞர் சாலிம் அலி 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராயப் புறப்பட்டபோது, அவருடைய மனைவியார் தெஹ்மினாவும் உடன் சென்று, மலைக்காடுகளில் முகாமிட்டுத் தங்கினார். வசதியான குடியிற் பிறந்த அப்பெண்மணி காட்டு வாழ்க்கையை விரும்பி ஏற்றார். 1939-இல் அவர் மறையும்வரை அவ்விருவரின் இல்லறத்தில் கூடாரத்திற்கும் ஓர் இடம் இருந்தது.

வழி

ஹெப்பகோடியிலிருந்து நாமத சிலுமே 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்ட பின்னர் நம் பகுதியினர்க்கு இவ்வழி எளிதாகிவிட்டது. ஹெப்பகோடி நிலையத்தில் ஏறி ஆர்.வி. ரோடு நிலையத்தில் இறங்கி, பச்சைத் தடத்திற்கு மாறினால் யஷ்வந்தபுரம் சேரலாம். அங்கிருந்து துமகூருக்கு ரயில்கள் உண்டு.

இந்த ரயில் வழியில் சாளரத்தோரம் அமர்பவர் பேறு பெற்றவர். டாபஸ்பேட்டையை அணுகும்போது சிவகங்கை மலை கண்ணிற்படும். நம் நாட்டுச் சிவகங்கையின் பெயரையே தாங்கிய இம்மலையின்மேல் ‘ஒளகல் தீர்த்தம்’ என்னும் பாறைப் பிளவு ஒன்றுண்டு. அடியார்கள் அதற்குள் கைவிட்டு நீர் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது வழக்கம். துமகூருக்குச் சற்று முன்னர் கியாத்தசந்திரத்தின் அருகே சித்தகங்கை மடம் இருக்கிறது. 2019-இல் மறைந்த சிவகுமார சுவாமிகளின் காலத்தில் ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்துப் புகழ்பெற்ற இம்மடத்தின் பெயரும், அங்குள்ள மலையூற்றின் பெயரே ஆகும். சிவகங்கை, சித்தகங்கை, நாமத சிலுமே என்று இவ்வட்டாரத்தில் ஊற்றுகள் ஊர்களுக்கும் மடங்களுக்கும் பெயர் தந்து நிற்கின்றன. நீர் அரிதாகிய நாட்டில்தான் நீருக்கு இத்துணைப் பெயர்கள் இருக்கும் போலும்.

துமகூரில் இறங்கி, சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஒரு ஆட்டோவில் தேவராயனதுர்க்கச் சாலையில் சென்றோம். ஊரைக் கடந்ததும் தென்னந்தோப்புகள். அவற்றைக் கடந்ததும் புதர்க்காடு. பின்னர் மலையடியில் மரங்கள் செறிந்த நிழற்சாலை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வனத்துறையின் இசைவின்றிக் காட்டினுள் கூடாரமடித்துத் தங்குதல் சட்டப்படி குற்றம்; அது மட்டுமன்று, சிறுத்தையும் கரடியும் உலவும் காடு அது. ஆகவே, எங்களுடன் வேலை பார்க்கும் துமகூர் நண்பர் ஒருவர் வாயிலாக, காட்டெல்லைக்கு வெளியே ஒரு பெரியவரின் கேழ்வரகுக் களத்தில் தங்குவதற்கு முன்னரே ஏற்பாடு செய்துகொண்டோம். அறுவடை முடிந்து களம் சாணமெழுகிக் கிடந்தது. அதன் ஓரத்தில், புங்க மரத்தடியில், இருவர் படுக்கும் எங்கள் சிறிய கூடாரம் எழுந்தது. பெரியவரின் வீடு கூப்பிடு தொலைவில் இருந்தது.

நாமத்தின் ஊற்று

‘சிலுமே’ என்றால் கன்னடத்தில் ஊற்று. நாமத சிலுமே என்பது நாமத்தின் ஊற்று என்று பொருள்படும். வனவாச காலத்தில் இவ்வழியே வந்த இராமபிரான், நெற்றியில் நாமம் தரிக்க விரும்பினாராம். நாமக்கட்டியைக் குழைக்க நீர் இல்லை. உடனே வில்லை வளைத்துப் பாறையில் ஓர் அம்பைத் தொடுத்தார். அம்பு பாய்ந்த துளையிலிருந்து நீர் பொங்கிற்று என்பது இவ்விடத்தின் கதை.

பெரிய அருவியையோ குளத்தையோ எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். கண்ட முதற்கணத்தில் நாங்களும், “இவ்வளவுதானா?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாறையில் ஒரு சிறு குழி. அதில் தெளிந்த நீர். நிறைந்து மெல்ல வழிந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவே. ஆனால் அங்கேயே கால்நாழிகை உட்கார்ந்து பாருங்கள். எந்த விசையும் இல்லை, மின்மோட்டார் இல்லை, குழாய் இல்லை. ஒருவரும் கேளாமலே நீர் வந்துகொண்டிருக்கிறது. லாரிக்குக் காத்திருந்து பழகிய கண்களுக்கு அக்காட்சி எளிதில் சலிக்கவில்லை. கைகளை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டோம். தை மாதக் காலையிலும் அந்நீர் உறைக்கும் குளிராக இல்லை. நிலத்தடியின் இளஞ்சூடு அதில் இருந்தது.

அருகே வனத்துறையின் மான் வளர்ப்பிடமும் மூலிகைத் தோட்டமும் இருக்கின்றன. விடுமுறை நாளாகையால் பகலில் கூட்டம் மிகுதி. குரங்குகளின் ஆட்சியும் அவ்வாறே. எங்கள் கைப்பையிலிருந்த வாழைப்பழச் சீப்பு, நாங்கள் கவனிக்கும் முன்னரே ஓர் ஆலமரத்தின் மேற்கிளைக்குச் சென்றுவிட்டது. நாவலும் அத்தியும் கனி கொடுக்கும் காட்டில் அவை மனிதர் கையை எதிர்பார்த்திருப்பதற்குக் காரணம், தின்பண்டம் எறிந்து பழக்கிய நாமே அல்லவா?

நம் நாட்டிலும் இத்தகைய நீர்நிலைகள் இல்லாமல் இல்லை. மதுரையை அடுத்த அழகர்மலையில் நூபுர கங்கை இடையறாது வீழ்கிறது. திருப்பரங்குன்றத்துச் சுனையைக் காணாத மதுரையார் இருக்க முடியாது. காவிரியே குடகில் தலைக்காவிரியில் ஒரு சிறு ஊற்றாகத்தான் தொழப்படுகிறாள். ஐப்பசி பிறக்கும் வேளையில் அங்கு நீர் பொங்கியெழுவதைக் காணக் குடகு மக்கள் திரளுகின்றனர். ஊற்று, சுனை, கேணி என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பதே, நம் முன்னோர் நீர் பிறக்கும் விதங்களை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதைக் காட்டும்.

ஊற்று எவ்வாறு பிறக்கிறது?

அம்பின் கதை ஒருபுறம் இருக்க, நிலநூல் கூறும் கதையும் சுவை குறைந்ததன்று. இப்பகுதியின் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையவை. கடினமான இக்கருங்கல்லினுள் நீர் ஊறிச் செல்ல இயலாது. ஆனால் பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து மண்ணாகிறது. அதன் கீழே வெடிப்புகளும் பிளவுகளும் இருக்கின்றன. மலைமேல் பெய்யும் மழை, மரங்களின் இலைகளிலும் உதிர்ந்த சருகிலும் தங்கித் தடைப்பட்டு, மெல்ல மண்ணுள் இறங்கி, அப்பிளவுகளிற் சேர்கிறது. பிளவற்ற பாறையைச் சந்தித்தவுடன் அதற்குமேல் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகர்கிறது. சரிவின் அடியில் எங்கே வாயில் கிடைக்கிறதோ, அங்கே ஊற்றாக வெளிப்படுகிறது. மழை நின்று பல திங்கள் சென்ற பின்னரும் ஊற்று ஓடுவதன் மறை இதுவே: இன்று நாம் காணும் நீர் என்றோ பெய்த மழை.

காடு அழிந்தால் மழைநீர் சரிவில் ஓடி மறைந்துவிடும், மண்ணுள் இறங்காது. கீழ்நிலத்தில் ஆழ்குழாய்கள் பெருகினால் பிளவுகளிற் சேர்ந்த நீரை அவை முன்னரே உறிஞ்சிவிடும். இரண்டில் எது நேர்ந்தாலும் ஊற்றின் வாய் அடைபடும். ஊற்று வட்டியை மட்டும் கொடுக்கும் வைப்புநிதி போன்றது. ஆழ்குழாயோ வைத்த பணத்தையே எடுத்துச் செலவிடுவது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இக்கணக்கை விளக்க வேண்டுவதில்லை.

இது இவ்வூருக்கு மட்டும் உரிய கவலையன்று. இந்தியாவில் 50 இலட்சம் ஊற்றுகள் வரை இருக்கலாம் என்றும், அவற்றுட் பெரும்பகுதி இமயமலைப் பகுதியில் உள்ளன என்றும், அவற்றிற் பல வற்றி வருகின்றன என்றும் 2018-இல் நிதி ஆயோக் குழு எடுத்துரைத்தது. ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. சிக்கிம் அரசு 2008-ஆம் ஆண்டில் ‘தாரா விகாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஊற்றுக்கு நீர் வரும் மலைச்சரிவு எது என்பதைக் கண்டறிந்து, அங்கே வரிசையாகப் பள்ளங்களையும் குழிகளையும் வெட்டி மழைநீரைத் தேக்கினர். வற்றிக் கிடந்த ஊற்றுகள் சில மீண்டும் ஓடலாயின. அங்கே உதவியவை மண்வெட்டியும், நிலத்தை அறிந்தோர் அறிவும், ஊரார் ஒற்றுமையுமேயாகும்.

களத்து மேட்டில்

மாலையில் களத்திற்குத் திரும்பினோம். காய்ந்த புல்லும் சருகும் தீப்பற்றும் காலம் நெருங்குவதால், வெளியில் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று பெரியவர் முன்பே கூறியிருந்தார். எங்களிடம் இருந்த சிறிய எரிவாயு அடுப்பையும் வெளியே எடுக்க விடவில்லை. “எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு நீங்கள் தனியே சமைப்பதா? உள்ளே வா, தாயீ,” என்று அவர் மனைவியார் அழைத்துச் சென்றுவிட்டார்.

கேழ்வரகு முத்தெயும் அவரைக்காய்ச் சாறும் படைத்தனர். முத்தெ என்று அவர்கள் சொல்வது எங்கள் ஊர்க் களிதான். உருண்டையைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து மெல்லாமல் விழுங்கியதைக் கண்டதும், “இவர்களுக்குச் சாப்பிடத் தெரிகிறதே!” என்று அம்மூதாட்டி வியந்தார். தருமபுரியார்க்குக் களி தின்னக் கற்பிக்க வேண்டுமா? அவரை நாங்கள் அஜ்ஜி என்றோம். பெரியவரைத் தாத்தா என்றோம். தாத்தா என்பது அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுச்சொல். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரமாக ஒலிக்கும். பால் ஹாலு, பள்ளம் ஹள்ள, புலி ஹுலி. இந்த ஒரு திறவுகோலைக் கைக்கொண்டால் பாதி உரையாடல் திறந்துவிடும்.

தாத்தா தம் கிணற்றைப் பற்றிச் சொன்னார். அவர் சிறுவராயிருந்தபோது குனிந்து குடத்தால் மொள்ளும் அளவுக்கு அதில் நீர் இருந்ததாம். பிறகு ஏற்றம், பிறகு மோட்டார், பிறகு கிணறு வறண்டு 300 அடியில் ஆழ்குழாய், அடுத்தது 700 அடி. மூன்றாவது முறை 1,000 அடி தோண்டியும் புழுதிதான் வந்தது. “பணம் பூமிக்குள்ளே போய்விட்டது, அப்பா, தண்ணீர் மேலே வரவில்லை,” என்றார். அவருடைய மகன் பீணியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். ஊர்விட்டு வந்தவர்கள் நாம் மட்டுமே என்று நினைத்திருந்தோம். நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கன்னட நாட்டு உழவரின் மகனும் நம்மைப் போலவே வாடகை அறையில் லாரிக்குக் காத்திருக்கிறார்!

உண்டு முடித்தபின், அஜ்ஜி ஒரு பெட்டியிலிருந்து சங்கராந்திக்குச் செய்து மீந்திருந்த ‘எள்ளு பெல்ல’ எடுத்து வந்து எங்கள் இருவர் கையிலும் வைத்தார். எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை கலந்தது அது. அதனைக் கொடுக்கும்போது, எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது இந்நாட்டு வழக்கம். அஜ்ஜியும் அவ்வாறே சொன்னார். அவர் அறிந்து சொன்னாரோ, வழக்கத்தாற் சொன்னாரோ, அச்சொல் எங்களுக்கெனவே சொல்லப்பட்டதுபோல் இருந்தது.

இரவு

கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடாரத்தின் வாயிலில் அமர்ந்தோம். ஹெப்பகோடியில் நெடுஞ்சாலை விளக்குகளுக்கும் தொழிற்சாலை விளக்குகளுக்கும் இடையே வானத்தில் நாலைந்து விண்மீன்களே தெரியும். இங்கே எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். தொலைவில் ஆந்தை ஒன்று அலறிற்று. அதன்பின் ஓசையில்லை. தொலைபேசியில் சமிக்ஞையும் இல்லை. ஷிப்டு மணியும் இல்லை.

முதலில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டு இல்லறம் நடத்தியவர்கள் பேசச் சொற்களைத் தேடினோம். பிறகு எங்களுள் ஒருவர், “ஏங்க, பிள்ளைகளும் வந்திருந்தால் அந்தக் குரங்கைப் பார்த்து எப்படிச் சிரித்திருக்கும்!” என்றார். ஓராண்டாக அடைபட்டிருந்த பேச்சு அவ்வொரு சொல்லால் திறந்துகொண்டது.

அதன்பின் விடியுமட்டும் பேசினோம் என்றால் மிகையாகாது. ஒருவர் பிடிவாதம் என்று மற்றவர் எண்ணியிருந்தது, உண்மையில் அச்சமாக இருந்தது. பிள்ளைகளை அழைத்து வந்து தண்ணீரின்றியும் கவனிக்க ஆளின்றியும் தவிக்க விட்டுவிடுவோமோ என்னும் அச்சம் அது. மற்றவரின் அவசரம் என்று கருதப்பட்டது, உண்மையில் ஏக்கமாக இருந்தது. மூத்தவளுக்குப் பல் விழுந்து முளைத்ததையும் நிழற்படத்திலேயே காண நேர்ந்த ஏக்கம் அது. அச்சமும் ஏக்கமும் வெளிப்படையாக அமர்ந்து பேசிய பின்னர், முடிவு காண்பது கடினமாக இல்லை. வரும் ஜூன் திங்களில் பிள்ளைகளை அழைத்து வருவது; அதற்குள் சிறிதே வாடகை கூடினாலும் மழைநீர்த் தொட்டியும் மண்ணிறங்கு குழியும் உள்ள வீடாகப் பார்ப்பது; எங்களுள் ஒருவர் எப்போதும் பகல் ஷிப்டிலேயே இருக்குமாறு மேலாளரிடம் கேட்பது; வீட்டில் தமிழை நாங்களே கற்பிப்பது; ஊரில் வீட்டுமனை வாங்கும் எண்ணத்தை ஓராண்டு தள்ளி வைப்பது. இவ்வைந்தும் அவ்விரவில் முடிவாயின.

ஒரு மலை, இரண்டு ஆறுகள்

மறுநாள் மலைமேல் ஏறினோம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள தேவராயனதுர்க்கம், மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராய உடையார் கைப்பற்றியதால் அப்பெயர் பெற்றது. கீழே போக நரசிம்மர் கோயிலும் மேலே யோக நரசிம்மர் கோயிலும் இருக்கின்றன. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவை வாழ்கிறது. தென்னிந்தியக் கற்குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத பறவை அது. அன்று அது எங்களுக்குக் காட்சி தரவில்லை.

இம்மலையின் பெருஞ்சிறப்பு அதன் நீரில் இருக்கிறது. இங்கிருந்து ஜயமங்கலி என்னும் ஆறு வடக்கே சென்று வடபெண்ணையிற் கலக்கிறது. சிம்ஷா என்னும் ஆறு தெற்கே 221 கிலோமீட்டர் ஓடிக் காவிரியிற் கலக்கிறது. ஒரே மேகம் பெய்த மழையில் ஒரு துளி ஆந்திரத்திற்கும், அடுத்த துளி தமிழ்நாட்டிற்கும் செல்லக்கூடும்!

உச்சியில் நின்று சிம்ஷாவின் வழியை மனத்தால் தொடர்ந்தோம். வழியில் ஏரிகளும் அணைகளும் வயல்களும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீர், சிவசமுத்திரத்துக்குக் கீழே காவிரியைச் சேர்ந்து, மேக்கேதாட்டைக் கடந்து, ஒகேனக்கல்லில் வீழ்கிறது. அங்கே நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்காக அமைந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நிலத்தடி நீரிலுள்ள மிகையான புளோரைடால் பற்கள் கறுத்து, எலும்புகள் வளைந்து துன்புற்ற நம் ஊர்களுக்கு அத்திட்டம் உயிர்கொடுத்தது. எங்கள் பிள்ளைகள் ஆயா வீட்டில் குடிப்பது அந்நீரே. எனில், எங்கள் காலடியிலிருந்த மலையில் என்றோ பெய்த மழையின் ஒரு துளி, எங்கள் பிள்ளைகளின் குவளையில் விழுந்திருக்கவும் கூடும்! இதனை எண்ணியதும் எங்கள் இருவர்க்கும் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

காவிரியின் பெயரால் 1991-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இந்நகரில் நேர்ந்தவற்றை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. கடையடைத்து, விளக்கணைத்து, தாழிட்ட கதவுக்குள் இருந்தோர் நம்மில் பலர். 2018-இல் உச்சநீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரைத் தமிழ்நாட்டிற்கு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பங்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லிவிடலாம். பங்கிடுவதற்கு நீர் இருக்கிறதா என்பதை முடிவு செய்வது இத்தகைய மலைகளும் காடுகளுமே. வறண்ட கிணற்றருகே இருந்து எங்களுக்கு முத்தெ படைத்த முதியவரும், வயல் வெடித்த தஞ்சை உழவரும் ஒரே துன்பத்தின் இரு முனைகளில் நிற்பவர்கள் என்பதை அக்களத்து மேட்டில் கண்கூடாகக் கண்டோம்.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

மழைக்காலம் முடிந்து கார்த்திகை முதல் தை வரை செல்லுதல் நன்று. மாசி பிறந்தால் காட்டுத்தீ அச்சம் உண்டு. எக்காலத்தும் காட்டருகே நெருப்பு மூட்டவோ, பீடி சிகரெட் எறியவோ கூடாது.

நாமத சிலுமேயில் வனத்துறையின் விருந்தினர் விடுதி இருக்கிறது. தங்க விரும்புவோர் துமகூரிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்னரே கேட்டறிக. கூடாரத்தில் தங்குவோர் காட்டெல்லைக்கு வெளியே, நிலத்துக்குரியவர் இசைவு பெற்று, வீடுகளுக்கு அருகிலேயே தங்குக. இருட்டிய பின் தனியே நடவாதீர்கள்.

இரவில் குளிர் மிகும். கம்பளியும் டார்ச்சு விளக்கும் கட்டாயம் வேண்டும். தின்பண்டத்தைக் குரங்கின் கண்ணில் படும்படி வைக்கலாகாது. குரங்குக்கு எறியவும் கூடாது.

ஊற்றில் காலை நனைத்தல், சோப்பிட்டுக் குளித்தல், காசு எறிதல் இவற்றைத் தவிர்க்க. கொண்டு சென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் திரும்பக் கொண்டு வருக. நாங்கள் எங்களுடையவற்றோடு, பிறர் விட்டுச் சென்றவற்றிலும் ஒரு பை நிறையப் பொறுக்கிவந்தோம். அது நற்செயல் என்று சொல்லிக்கொள்வதற்காக அன்று. அங்கே அமர்ந்திருக்க இடம் வேண்டியிருந்தது.

குழந்தைகளை அழைத்துச் செல்க. அவர்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ‘டேங்கரிலிருந்து’ என்று விடை சொல்லும் காலம் இது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்துக் குடும்பங்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு சுனையோ ஊற்றோ கேணியோ இருந்திருக்கும். அதற்கென்று ஒரு பெயரும் கதையும் இருக்கும். அடுத்த முறை ஊர் செல்லும்போது பெரியவர்களிடம் கேட்டு, அதன் பெயர், இருக்குமிடம், நீர் இன்னும் வருகிறதா என்னும் மூன்றையும் எழுதிச் சங்கத்திற்கு அனுப்புங்கள். வற்றிப்போயிருந்தால் எந்த ஆண்டில் வற்றியது என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஊருக்கான குறிப்பை எழுதும் பொறுப்பை எங்கள் மூத்தவளிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஜூனில் ஹெப்பகோடிக்கு வரும்போது அவள் அதனை எழுதிக்கொண்டு வருவாள்.